சிறு ராக்கெட்டுகளின் மாசைக் குறைக்க முயல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தை அடுத்த சூலூர்ப்பேட்டை, தடா பகுதித் தமிழர்களுக்கு ராக்கெட் என்பது மொட்டை மாடியில் நின்று பார்க்கும் காட்சி. புகைத்தடம் கலைந்ததும் எல்லாம் முடிந்ததாக நினைப்பது இயல்பு. ஆனால் வடிவமைப்பாளரும் அப்படி நினைத்துவிடக் கூடாது. தரையருகே வெளியாகும் கரித்துகளை மழை கழுவிவிடும். மேகங்களுக்கும் மேலே, மழையே இல்லாத அடுக்கு மண்டலத்திலோ அது ஆண்டுக்கணக்கில் தங்கி வெயிலை உறிஞ்சும். ஆகவே கார்பன் டை ஆக்சைடை மட்டும் எண்ணுவது தவறு.

சிறியது என்பதாலேயே மாசு குறையும் என்பதும் தவறு. இஸ்ரோவின் சுமார் 320 டன் எடையுள்ள பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 1,750 கிலோவை, துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் 600 கி.மீ. உயரத் துருவப் பாதைக்குக் கொண்டுசெல்கிறது. அதன் சிறு ராக்கெட்டான 120 டன் எஸ்.எஸ்.எல்.வி., அதைவிட எளிதான பாதைக்கே 500 கிலோவைத்தான் சுமக்கிறது. செயற்கைக்கோளின் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கிட்டால் சிறியதே அதிகம் எரிக்கிறது.

எரிபொருள் தேர்வில்தான் அவசரம் மிகுதி. திட எரிபொருளில் உள்ள அம்மோனியம் பெர்குளோரேட் ஹைட்ரஜன் குளோரைடை வெளியிட்டு ஓசோனைப் பாதிக்கிறது. மண்ணெண்ணெயில் குளோரின் இல்லை, கரி உண்டு. ஹைட்ரஜன் நீராவியை மட்டுமே விடும் என்று அதன்பின் ஓடுபவர்கள், மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் வைத்தாலும் அது மிக இலேசான திரவம் என்பதையும், அதற்கான பெரிய கலன் சிறு ராக்கெட்டின் சுமைத்திறனை விழுங்கிவிடும் என்பதையும் பிறகே உணர்கிறார்கள். மீத்தேன் நல்ல நடுவழி என்பது என் கருத்து. ஆயினும் கலனிலிருந்து ஆவியாகிக் கசியும் மீத்தேனே புவியைச் சூடாக்கும் கடுமையான பசுமை இல்ல வாயு என்பதால், அதைப் பிடித்துவைக்கும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும்.

சோதனையைச் சுருக்குவதை என்னால் ஏற்கவே இயலாது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில், இரண்டாம் நிலை பிரிந்தபோது எழுந்த அதிர்வு, வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளைக் குழப்பியதால் செயற்கைக்கோள்கள் 356 × 76 கி.மீ. பாதையில், அதாவது ஒரு முனையில் நிலைக்க முடியாத அளவு தாழ்வான பாதையில், விடப்பட்டு வீணாயின. எரித்த எரிபொருள் முழுவதும் பயனற்றுப் போயிற்று. பிரிப்பு அமைப்பை மாற்றிய பின் 2023 பிப்ரவரி 10 அன்று வெற்றி கிட்டியது.

ஏவும் இடத்தையும் மறக்கலாகாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட், இலங்கையைத் தவிர்க்க வளைந்து பறந்து கூடுதல் எரிபொருளைச் செலவிடுகிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் வாழும் எங்களுக்கு இது வருத்தம் தரலாம். ஆனால் வளையாமல் நேரே தெற்கே பறக்க முடியும் என்பதால், இத்தகைய சிறு ராக்கெட்டுகளுக்குத் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையிலுள்ள குலசேகரப்பட்டினமே பொருத்தமான இடம்.