தண்ணீரில் விழுந்த ஆர்சி கார்: காப்பாற்றப்போய் நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடற்கரையில் என் அக்காவின் மகன் தன் ஆர்சி காரை, அதாவது ரிமோட்டில் ஓடும் காரை, ஓட்டிக்கொண்டிருந்தான். ஈர மணலில் நன்றாகத்தான் ஓடியது. ஒரு அலை கொஞ்சம் கூடுதலாக ஏறி வந்து காரைப் புரட்டிப்போட்டது, நாங்கள் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் இரண்டாவது அலையும் வந்துவிட்டது. எடுத்ததும் அவன் செய்த முதல் வேலை, ரிமோட்டை அழுத்திப் பார்த்ததுதான். சில்லு சுற்றியது. "மாமா, வேலை செய்யுது!" என்று துள்ளினான், எனக்கும் நிம்மதி. சுவிட்சை அணைத்து, வீட்டுக்கு வந்து துணியால் துடைத்து, பற்றரியைக்கூடக் கழற்றாமல் அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டோம். அடுத்த ஞாயிறு எடுத்தால் எதுவுமே அசையவில்லை. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் இருக்கிற பெட்டியைத் திறந்து பார்த்தேன். சேர்வோவின், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டாரின், வயர் செருகும் மூன்று ஊசிகளில் நடு ஊசியை, அதாவது பிளஸ் வரும் ஊசியைச் சுற்றி நீலப்பச்சையாகப் பூத்திருந்தது. நகத்தால் தொட்டேன், ஊசி உடைந்து கையோடு வந்தது.

அந்த ரிசீவரைக் கொன்றது இரண்டு: தண்ணீர் உள்ளே இருக்கும்போதே ஓடிய கரண்ட், தண்ணீர் போன பிறகும் உள்ளேயே தங்கிய உப்பு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றத் தவறுகள் ஏன் தவறு என்பது தானாக விளங்கும்.

முதல் தவறு, வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்ப்பது. செட்டியார் தெருவில் நகைக்கு முலாம் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். திரவத்துக்குள் கரண்ட் ஓடும்போது ஒரு பக்கத்து உலோகம் கரைந்து மறுபக்கம் போய்ப் படியும். நனைந்த போர்டில் கரண்ட் விட்டால் நடப்பதும் அதேதான். பிளஸ் பக்கத்துச் செம்பு கரைகிறது, கரைந்தது மைனஸ் பக்கம் போய் மெல்லிய கம்பியாக வளர்ந்து இரண்டையும் இணைத்துவிடலாம். கடல் தண்ணீர் என்றால் இது நிமிடக் கணக்கில் நடக்கும். அதனால் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பற்றரியின் பிளக்கை இழுத்துக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நம்ப வேண்டாம். பல ஈஎஸ்சிகளில், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்தப் பெட்டியில், சுவிட்ச் பற்றரியை முழுதாகத் துண்டிப்பதில்லை. நனைந்த சுவிட்சே கரண்டைக் கடத்தும் என்பது வேறு.

அடுத்தது நாங்கள் செய்ததுதான், அநேகமாக எல்லாரும் செய்வதும்: கழுவாமல் காய வைப்பது. ஒரு லீற்றர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. இன்னொரு விஷயம், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைய ஆரம்பிக்கும். கொழும்புக் காற்று பெரும்பாலான இரவுகளில் அந்த அளவைத் தாண்டித்தான் நிற்கிறது. குசினியில் உப்புப் போத்தலைப் பாருங்கள், மழைக்காலத்தில் கசிந்து கட்டியாகிக் கிடக்கும். உங்கள் ரிசீவருக்குள்ளும் அதே உப்புதான். நீங்கள் காயவைத்துவிட்டதாக நினைக்கும் போர்டு ஒவ்வொரு இரவும் மறுபடி நனைகிறது.

ஆகவே நனைந்ததைக் கழுவத் தண்ணீரே வேண்டும். இதைச் சொன்னால் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். பற்றரி கழற்றப்பட்டிருக்கும் வரை நல்ல தண்ணீரால் போர்டுக்குக் கேடில்லை. பெட்டிகளைத் திறந்து, ரிசீவரையும் ஈஎஸ்சியையும் குழாய்த் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள், பழைய மெத்தென்ற பல்லுப் பிரஷால் ஊசிகளுக்கு இடையிலும் சிப்களின் ஓரத்திலும் மெல்லத் தேயுங்கள். கடைசி அலசலுக்குப் பற்றரித் தண்ணி நல்லது. கார் பற்றரிக்கு ஊற்ற பெற்றோல் செட்டில் விற்கிறார்களே, அந்த வடித்த தண்ணீர். போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள், பக்கத்திலேயே பற்றரி அசிட்டும் விற்பார்கள். மழை வெள்ளத்திலோ கானிலோ விழுந்த காருக்கும் இதே வழிதான். உப்பு குறைவு என்றாலும் சேறும் அழுக்கும் கரண்டைக் கடத்தும்.

உடனே அல்கஹோல் ஊற்றுவதும் தவறு, இது கொஞ்சம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு. ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் உப்பு கரையவே கரையாது என்றே சொல்லலாம். அல்கஹோலின் வேலை, கழுவிய பிறகு மிஞ்சும் தண்ணீரை இடுக்குகளிலிருந்து வெளியேற்றி விரைவாகக் காயவைப்பது. முதலில் தண்ணீர், அப்புறம் அல்கஹோல். 99 சதவீதம் கிடைத்தால் நல்லது. பாமசியில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சம் 30 பெரும்பாலும் தண்ணீர்தான், அவசரத்துக்கு அதைப் பாவிக்கலாம். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், அது போர்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அல்கஹோல் எரியும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரத்தில் செய்யுங்கள்.

அரிசிக்குள் புதைப்பது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அரிசி போர்டுக்குள் இருக்கும் தண்ணீரை இழுத்தெடுக்காது, அதன் மாவுத் தூள் பிளக்குக்குள்ளும் சேர்வோவின் பற்சக்கரத்திலும் போய் ஒட்டும். சப்பாத்துப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பைக்கற்றும் நம் காற்றில் எப்போதோ ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். ஒரு மேசை ஃபேனை நேரே வைத்து இரண்டு நாள் விடுங்கள். ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது, அங்கே காற்றே உலர்ந்திருக்கும். ஹெயார் டிரையரைச் சூடாக வைத்துக் கிட்டப் பிடிப்பதும், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் பூட்டி வைப்பதும் பிளாஸ்டிக்கை வளைக்கும், தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும்.

லிப்போ பற்றரி, அதாவது லித்தியம் பொலிமர் பற்றரி, நனைந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சார்ஜ் பண்ணிப் பார்க்கும் ஆசையை விடுங்கள். வெளியே எடுத்து, நல்ல தண்ணீரால் பிளக்குகளை அலசித் துடைத்து, வீட்டுக்கு வெளியே மணல் போட்ட மண்சட்டியில் வைத்து ஒரு நாளாவது பாருங்கள். ஊதினால், இனிப்பான மணம் ஒன்று வந்தால், அல்லது உறை கிழிந்திருந்தால் அதை மறுபடி பாவிக்கவே கூடாது. பழுதான லிப்போவை உப்புத் தண்ணீரில் போட்டால் சார்ஜ் இறங்கிவிடும் என்று ஒரு பழைய ஆலோசனை சுற்றுகிறது. பல நேரம் அதன் முனைகள்தான் முதலில் அரித்துப் போகின்றன, சார்ஜ் உள்ளேயே நிற்கும், பிறகு அதை இறக்க வழியும் இருக்காது.

"அது வாட்டர்ப்ரூஃப் கார்தானே" என்ற நம்பிக்கைதான் பலரைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்று காட்டும் குறியீடுகளில் ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம். இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. ரிசீவர் பெட்டியின் ரப்பர் வளையம் ஒரு மணல் துணிக்கையில் ஏறி உட்கார்ந்தாலே தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அந்த மூடிய பெட்டிக்குள்ளேயே வியர்த்துக்கொண்டிருக்கும். வெளியே காய்ந்திருக்கிறது என்று விட்டுவிடாமல் திறந்து பாருங்கள். பிசின் ஊற்றி மூடிய ஈஎஸ்சியை மட்டும் நெம்ப வேண்டாம், வெளியே அலசி விட்டால் போதும்.

மோட்டாரும் பேரிங்கும் எல்லாருக்கும் மறந்துபோகிறது. கடல் தண்ணீர் பட்ட பேரிங் ஒரே இரவில் துருவேறலாம். கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். டபிள்யூடி-40ஐ எல்லாவற்றுக்கும் அடிப்பவர்களைப் பார்க்கிறேன். சேர்வோவுக்குள், அது எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் சிறிய பொட்டன்ஷியோமீட்டரில் அதன் படலம் ஒட்டினால் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும், பேரிங்கிலும் அது நிற்காது, நல்ல கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். எலக்ட்ரானிக்ஸுக்குக் கொன்டாக்ட் கிளீனரை வாங்குங்கள்.

எல்லாம் காய்ந்த பிறகு நேரே லிப்போவைச் செருகுவது கடைசித் தவறு. லிப்போ ஒரு ஷோட்டைக் கண்டால் அதற்குள் எவ்வளவு கரண்டையும் கொட்டும். ரிசீவரும் ஈஎஸ்சியும் தனித்தனியாக இருக்கும் காரென்றால், ஈஎஸ்சியின் வயரை ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு, நாலு பென்டோர்ச் பற்றரி போடும் கூட்டிலிருந்து ரிசீவருக்கும் சேர்வோவுக்கும் மட்டும் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். ஸ்டியரிங் சீராகத் திரும்பினால் அந்தக் கூட்டைக் கழற்றிவிட்டு ஈஎஸ்சியைச் சேருங்கள், காரை ஒரு பெட்டிமேல் தூக்கி வைத்து, சில்லுகள் அந்தரத்தில் நிற்க, கொஞ்சமாக அழுத்துங்கள். ஒரு கை பற்றரிப் பிளக்கிலேயே இருக்கட்டும். கருகல் மணம் வந்தாலோ, ஓட்டாமலே ஈஎஸ்சி சுட்டாலோ, உடனே இழுத்துவிட்டு மறுபடி கழுவுவதிலிருந்து தொடங்குங்கள்.