விசிறித்தொண்டை ஓணானைப் பார்க்கணுமா?

வேலியில் போகிற ஓணானைத் தெரியாதவர் இல்லை. நான் சொல்வது வேலி பக்கமே அதிகம் போகாத ஓணானை. இரை தேடுவது, சண்டை போடுவது, முட்டையிடுவது எல்லாம் இதற்குத் தரையில்தான். உடம்பு ஒரு விரல் நீளம், வால் அதைவிட நீளம். மண் நிறத்து முதுகில் டைமண்ட் வடிவத்தில் கருந்திட்டுகள். அசையாமல் இருந்தால் காலடியில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது.

அதனால் கோடையில் போங்கள். இனப்பெருக்கக் காலம் அதுதான், ஆண்கள் தாமாகவே தங்களைக் காட்டிக்கொடுக்கும். இடம்: புதர் விட்டுவிட்டு இருக்கும் கடலோர மணல், தரிசு, பனங்காட்டு ஓரம். அடர்ந்த புல் இருந்தால் திரும்பிவிடுங்கள். விடியற்காலையில் போய் வீணாகக் காத்திருக்க வேண்டாம். வெயில் ஏறி மணல் சூடான பிறகுதான் இது சுறுசுறுப்பாகும்.

முதலில் ஓணானைத் தேடாதீர்கள், கல்லைத் தேடுங்கள். சுற்றிலும் சமதரையாக இருக்க, ஒரு கல்லோ மண்கட்டியோ மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே எச்சம் காய்ந்திருந்தால் அதுதான் ஆண் ஏறி நின்று விசிறியைக் காட்டும் மேடை. வெயிலில் உங்கள் நிழல் கல்மேல் விழாத பக்கமாகப் பத்தடி தள்ளி உட்காருங்கள். விரட்டினால் பின்னங்கால் இரண்டில் எழுந்து ஓடும். பார்க்க வேடிக்கைதான், ஆனால் அன்றைக்குப் படம் கிடைக்காது. சும்மா இருந்தால் பெரும்பாலும் அதே கல்லுக்குத் திரும்பி வரும்.

ஏறியதும் முன்னங்காலை ஊன்றித் தலையைத் தூக்கும். அடுத்த நொடி, தாடைக்கடியில் மடிந்து கிடந்த தோல் படக்கென்று விரியும், மடங்கும், மறுபடி விரியும். வெள்ளைத் தோலில் நீலக்கோடு. தொண்டை எலும்புதான் அதை முன்னால் தள்ளுகிறது. பெண்ணுக்கு இந்த விசிறி கிடையாது. கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, பக்கவாட்டில் எடுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்த படத்தில் விசிறியே தெரியாது.

1829இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே நம் புதுச்சேரி இருக்கிறது: சித்தானா பாண்டிசெரியானா. எல்லாம் ஒரே இனம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2016இல் பிரித்துப் பார்த்தபோது, தமிழ்நாட்டில் உள்ள நீள விசிறிக்காரருக்குச் சித்தானா விசிறி என்று பெயர் கிடைத்தது. நீலம், கறுப்பு, ஆரஞ்சு என மூவண்ண விசிறி உள்ளவை சாரதா என்ற தனிப் பேரினமாயின.

மூவண்ணம் பார்க்க ஆசையென்றால் மகாராஷ்டிரத்தில் சாத்தாரா அருகே சால்கேவாடி மேட்டுக்குப் போகலாம். அங்கே காற்றாலை சுழலும் பகுதியில் பருந்து வகைகள் குறைந்து ஓணான் பெருகியிருப்பதையும், ஆள் நெருங்கினாலும் அவை சீக்கிரம் ஓடாததையும் 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படமெடுக்கிறவருக்கு வசதிதான், ஓணானுக்கு நல்லதா என்பது வேறு பேச்சு.

வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பின்னங்கால் விரல்களை எண்ணுங்கள். நான்கு இருந்தால் இதுதான். ஐந்து இருந்தால், நீங்கள் எடுத்தது தோட்டத்து ஓணான்.