பிளஸ் டூ முடித்து பிரிட்டனில் படிக்கப் போகிறவர்கள் விசாவுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

நம் ராமநாதபுரம் கடற்கரைக்கு வெளிநாடு புதிதில்லை. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத தெரு குறைவு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் போனது வேலைக்கு. பிரிட்டனில் இளங்கலை படிக்கப் போவது வேறு விஷயம், அதற்கும் பாஸ்போர்ட், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு, விசா, டிக்கெட் இருந்தால் போதும் என்றுதான் வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். நான் அங்கே மூன்று வருடம் படித்து வந்தவன், இப்போது போகிற தம்பி தங்கைகளுக்கு உதவி செய்கிறேன். காகித வேலையை யாராவது கூட உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிடலாம், வகுப்பில் உங்களுக்குப் பதிலாக யாரும் வாய் திறக்க முடியாது. அதனால் போவதற்கு ஒரு வருடம் முன்பே அந்தப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

முதலில் மதிப்பெண்ணைப் பற்றி வீட்டில் பேசிவிடுங்கள். இங்கே 95 எடுத்துப் பழகியவருக்கு அங்கே முதல் கட்டுரைக்கு 58 வரலாம். எனக்கு 54 வந்தது, இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகுதான் கணக்கு புரிந்தது: 40 எடுத்தால் தேர்ச்சி, 60 தாண்டினால் நல்ல மதிப்பெண், 70 தொட்டாலே ஃபர்ஸ்ட் கிளாஸ். பல பல்கலைக்கழகங்களில் முதல் வருட மதிப்பெண் பட்டத்தின் தரத்தில் சேராது, தேறினால் போதும். இதை அப்பாவுக்கோ வாப்பாவுக்கோ போவதற்கு முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் போனில் அழுகைதான்.

இங்கே புத்தகத்தில் உள்ளதை வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். அங்கே எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிடாமல் எழுதினால் அது திருட்டு, கட்டுரையையே ரத்து செய்யும் அளவுக்குப் போகும். சரி, இதை எப்படிப் பழகுவது? ஊரிலேயே ஒரு விஷயத்தை எடுங்கள். பாக் நீரிணை ஓரத்தில் காப்பாஃபைகஸ் பாசி வளர்த்து நம் பெண்கள் சம்பாதிக்கிறார்கள், அதே பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்து அதைச் சாகடிக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் படித்து, பாசி எடுக்கும் ஓர் அக்காவிடம் பேசி, ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று குறித்து, கடைசியில் உங்கள் முடிவையும் அதற்குக் காரணத்தையும் 500 சொல்லில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். மாதம் ஒரு கட்டுரை போதும். பத்துக் கட்டுரை எழுதியவருக்கு அங்கே கை நடுங்காது.

அப்புறம் பேச்சு. செமினார் என்பது பதினைந்து பேர் வட்டமாக உட்காரும் வகுப்பு. ஆசிரியர் உங்களைப் பார்த்து நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பார். நம் பள்ளியில் அமைதியாக இருப்பது மரியாதை, அங்கே அமைதியாக இருந்தால் படிக்காமல் வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், 'சார்' வாயில் வந்துகொண்டே இருக்கும், பரவாயில்லை. நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து தினம் கால் மணி நேரம் ஒரு செய்தியை எடுத்து, ஒருவர் சொல்ல மற்றவர் மறுத்துப் பேசுங்கள். இலக்கணம் தப்பினால் தப்பட்டும். பல படிப்புகளுக்கு ஐஇஎல்டிஎஸ்ஸில் 6 அல்லது 6.5 கேட்பார்கள், இந்தப் பழக்கம் அதற்கும் உதவும்.

விண்ணப்பம் யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில், ஏஜென்ட் இல்லாமல் நீங்களே போடலாம். ஐந்து படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் என்றால் கடைசி நாள் அக்டோபர் 15, நம் கலாம் ஐயாவின் பிறந்தநாள், மறக்காது. மற்றவற்றுக்கு ஜனவரி. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களைச் சில பல்கலைக்கழகங்கள் நேராக எடுக்கும், சில முதலில் ஃபவுண்டேஷன் என்ற ஒரு வருடத் தயாரிப்புப் படிப்பைப் படிக்கச் சொல்லும், அதை ஒவ்வொன்றின் தளத்திலும் பாருங்கள். 2026 சேர்க்கையிலிருந்து உங்களைப் பற்றி எழுதும் பகுதி மூன்று கேள்வியாகிவிட்டது, மொத்தம் 4,000 எழுத்துகள். மூன்றாவது கேள்வி, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பது. ஒரு தங்கச்சி இங்கே எழுத எதுவுமில்லை என்றாள். அப்பாவின் மீன் ஏலக் கணக்கை நான்கு வருடமாக அவள்தான் எழுதுகிறாள், விண்ணப்பித்ததோ பொருளாதாரத்துக்கு! அதைத்தான் எழுத வேண்டும். ஏஜென்ட் தரும் மாதிரியை ஒட்டாதீர்கள், ஒரே மாதிரி எழுத்தை யூகாஸ் கணினி கண்டுபிடித்துவிடும்.

பண விஷயத்தில், படகு வைத்திருக்கும் வீடுகள் கவனமாக இருக்க வேண்டும். விசாவுக்கு, கட்டாமல் பாக்கியுள்ள முதல் வருடக் கட்டணமும், ஒன்பது மாதச் செலவும் கணக்கில் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2025 நவம்பரிலிருந்து அந்தச் செலவு லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வருமானம் இல்லாமல் மராமத்துச் செலவு, முடிந்ததும் டீசல், ஐஸ். நீங்கள் விசாவுக்குத் தயாராவதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். அதனால் படிப்புப் பணத்தைத் தொழில் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கில் போட்டுப் பூட்டிவிடுங்கள். பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். விசாவோடு சேர்த்துக் கட்டும் மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு, முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். காசநோய்ச் சான்று பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும், ஊர் ஆஸ்பத்திரிச் சான்று செல்லாது.

சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பையன்களும்தான். விடுதியில் கடுகு தாளித்தால் புகைக்கே அலாரம் அடித்து மொத்தக் கட்டடமும் குளிரில் வெளியே நிற்கும், ஜன்னலைத் திறந்து வைத்து சின்னத் தீயில் தாளியுங்கள். போன முதல் வாரமே பக்கத்து டாக்டரிடம் பதிவு செய்யுங்கள், காய்ச்சல் வந்தபிறகு அலையக் கூடாது. டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், வெயிலில் வளர்ந்த நமக்கு அந்த இருட்டு குளிரைவிடக் கஷ்டம். பகலில் ஒரு மணி நேரமாவது வெளியே நடங்கள். குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே இரவு பத்தரை, விடியற்காலையில் கடலுக்குப் போகிற வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே அம்மாவைக் கூப்பிட்டுவிடுங்கள்.