தவறிய நோயறிதலைப் பிடிக்க 14 நாள் சல்லடை

ஓ.பி.யில் 'கேஸ்ட்ரிக்' என்று மாத்திரை வாங்கிப் போனவர் மூன்றாம் நாள் மாரடைப்போடு ஐ.சி.யு.வுக்கு வருகிறார். இப்படிப்பட்டவை பெரும்பாலும் புகாராக வருவதில்லை, ரெக்கார்டுக்குள் நாமேதான் தேட வேண்டும். அதற்காக எல்லா கேஸ் ஷீட்டையும் புரட்டுவது வீண்வேலை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் நோயறிதல் பிழைகளை ஆராயும் டாக்டர் ஹர்தீப் சிங் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு நல்ல குறுக்குவழி காட்டியது. டாக்டரைப் பார்த்த 14 நாளுக்குள் திடீரென அட்மிட் ஆனவர்களின் ரெக்கார்டுகளில் 20.9 சதவீதத்தில் நோயறிதல் பிழை இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த மற்ற ரெக்கார்டுகளில் அது 2.1 சதவீதம்.

அதே சல்லடையை உங்கள் மருத்துவமனையில் போடலாம். முதலில் நெறிமுறைக் குழு ஒப்புதல். பெயர், அடையாளம் நீக்கிய பழைய ரெக்கார்டு ஆய்வுக்குத் தனித்தனிச் சம்மதம் வேண்டாம் என விலக்களிக்க ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலில் இடமுண்டு. பிறகு ஓ.பி. தேதியையும் அட்மிஷன் தேதியையும் பதிவு எண்ணால் இணைத்து, 1 முதல் 14 நாள் இடைவெளி உள்ளவற்றை எடுங்கள். டயாலிசிஸ், கீமோ, பிரசவம், விபத்து, தேதி குறித்த ஆபரேஷன் ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு எண் இருப்பது நம் ஊரில் சகஜம். வயது, தொலைபேசி எண்ணை வைத்தும் ஒருமுறை சரிபாருங்கள்.

20 சதவீதத்தை ஒட்டிப் பிழை இருக்கும் என எதிர்பார்த்தால், கூடக்குறைய 5 சதவீதத் துல்லியத்துக்கு 246 ரெக்கார்டு வேண்டும். ஓ.பி. சீட்டை நோயாளியே வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் அதைப் 'பிழை இல்லை' என்று எழுதாதீர்கள். 'முடிவு செய்ய இயலாது' என்று தனியாக எண்ணுங்கள்.

திட்டம் தேறுவதும் கவிழ்வதும் அடுத்த கட்டத்தில்தான். சிகிச்சை தந்தவர் அல்லாத இரு மருத்துவர்கள், ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்காமல் படிக்க வேண்டும். நோயறிதல் பிழை நேர்ந்ததா என்று மதிப்பிடும் திருத்தப்பட்ட 'சேஃபர் டிஎக்ஸ்' (Safer Dx) படிவம் போதும்: 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். கடைசிக் கேள்விதான் ஒட்டுமொத்தத் தீர்ப்பு. முடிவு தெரிந்தபின் எல்லாமே கண்கூடாகத் தோன்றும். அதனால் அட்மிஷன் பக்கங்களை மூடிவைத்துவிட்டு, அன்றைய ஓ.பி. குறிப்பை மட்டும் படித்து, அடுத்து என்ன செய்திருக்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு மீதியைத் திறக்கலாம். வயிற்றுவலி தொடங்கி இரண்டு மணி நேரத்தில் வந்தவரிடம் அப்பென்டிக்ஸ் பிடிபடாதது பிழையாகாமலும் போகலாம். அன்று கையில் இருந்த தகவலே அளவுகோல்.

இருவரின் ஒற்றுமையைக் கப்பா எண்ணால் அளப்பார்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் எண் இது, முழு ஒற்றுமை என்றால் 1. அதில் ஒரு பொறி உண்டு. 100 ரெக்கார்டில் இருவரும் 90ஐ 'இல்லை', 2ஐ 'உண்டு' என்கிறார்கள். ஆளுக்கு 4ஐ மட்டும் தனித்து 'உண்டு' என்கிறார்கள். ஒற்றுமை 92 சதவீதம், கப்பாவோ 0.29தான்! பிழை அரிதாக இருந்தால் இப்படித்தான் விழும். இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். முதல் 20 ரெக்கார்டை ஒத்திகையாக வைத்துக் கருத்து மோதும் இடங்களைப் பேசித் தீர்த்துவிட்டால் பின்னால் சண்டை குறையும். மிச்சத்துக்கு மூன்றாமவர் தீர்ப்பு.

கிடைத்த பிழைகள் எந்தக் கட்டத்தில் நேர்ந்தன என்று பிரியுங்கள்: விசாரித்தது, உடலைப் பரிசோதித்தது, டெஸ்ட் எழுதியது, ரிசல்ட்டைத் தொடர்ந்தது, ரெஃபர் செய்தது. அதிகம் குவியும் ஒரே ஒரு இடத்தில் கைவையுங்கள். 'கவனமாக இருங்கள்' என்ற சுற்றறிக்கையால் எதுவும் மாறாது. நோயாளி கிளம்பியபின் வந்த ரிசல்ட்டை யாரும் பார்க்கவில்லை என்றால், அதைப் பார்த்துப் போன் செய்ய ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

பிழை எண்ணிக்கை சிறிது என்பதால் அதை மட்டும் பார்த்தால் மாற்றம் தெரியாது. சந்தேகத்துக்குரிய ரிசல்ட்டுகளில் எத்தனை சதவீதம் 7 நாளுக்குள் நோயாளியைச் சென்றடைந்தது என்று மாதாமாதம் வரைபடத்தில் குறியுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகள் பழைய இடைநிலைக் கோட்டுக்கு (முந்தைய மாதங்களின் நடு மதிப்புக்கு) மேலே விழுந்தால், அது தற்செயல் அல்ல என்று கொள்ளலாம்.