சாரிட்டி ஒழுங்குமுறை அமைப்பில் கொள்கை வேலை: முதல் கருத்துக் கேட்பை நடத்துவது எப்படி?

சாரிட்டிகளை, அதாவது பொது நன்மைக்காக இயங்கும் அறநிறுவனங்களை, மேற்பார்வையிடும் ஓர் அமைப்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் வாரமே ஒரு கோப்பைக் கையில் கொடுத்து, "சாரிட்டிகளுக்கு நாம் வெளியிட்ட இந்த வழிகாட்டி ஆவணம் பழசாகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும், சம்பந்தப்பட்ட எல்லாரிடமும் பேசுங்கள்" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று திகைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இந்தத் துறைக்கு வருமுன் லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பொருளாளராக இருந்தவன். ஒரு வழிகாட்டி வெளிவந்தால் அதைப் படித்துவிட்டு இரவில் தூக்கம் வராமல் புரள்பவர் யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

உதாரணங்களை இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் பொறுப்பான சாரிட்டி கமிஷனிலிருந்து எடுக்கிறேன். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. கமிஷனின் பதிவேட்டில் சுமார் 1,70,000 சாரிட்டிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் ஆண்டு வருமானம் 1,00,000 பவுண்டைத் தொடாது. கோயில், முதியோர் சங்கம், ஊர்ச் சங்கம், நம் தமிழ்ப் பள்ளிகள் என்று சம்பளமில்லாத அறங்காவலர்கள் ஓய்வு நேரத்தில் நடத்தும் அமைப்புகளே அதிகம். உங்கள் வாசகர்களும் அவர்கள்தான்.

படி 1: உங்கள் அதிகாரம் எதுவரை என்று பாருங்கள்

முதலில் 2011ஆம் ஆண்டின் சாரிட்டிகள் சட்டத்தை எடுத்து உட்காருங்கள். கமிஷனுக்கு அது 5 நோக்கங்களை வகுத்திருக்கிறது: பொதுமக்களின் நம்பிக்கையைக் காப்பது, பொது நன்மை பற்றிய புரிதலை வளர்ப்பது, அறங்காவலர்கள் சட்டப்படி நடக்கச் செய்வது, சாரிட்டிகளின் வளங்கள் நன்றாகப் பயன்பட ஊக்குவிப்பது, கணக்குக் காட்டும் பொறுப்பை வலுப்படுத்துவது. நீங்கள் எழுதப்போவது இந்த ஐந்தில் எதன் கீழ் வருகிறது என்று ஒரே வரியில் சொல்ல முடியாவிட்டால் வேலையை இன்னும் தொடங்காதீர்கள்.

எந்த அமைச்சரும் கமிஷனின் பணியில் உத்தரவு போட முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அரசுத் துறைகளுடன் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் அவர்களும் உங்களுக்கு ஒரு தரப்புதான்.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள் சாரிட்டியாக இருக்க ஏழைகளுக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று 2008இல் கமிஷன் வழிகாட்டி வெளியிட்டது. தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு அதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2011இல் மேல் தீர்ப்பாயம், வழிகாட்டியின் சில பகுதிகள் சட்டப்படி தவறு என்றது. ஏழைகளை அடியோடு விலக்கக் கூடாது, பேருக்குச் செய்துவிட்டு நிறுத்தவும் கூடாது. அதற்கு மேல் எவ்வளவு என்பதை முடிவு செய்வது அறங்காவலர்களின் பொறுப்பு, ஒழுங்குமுறை அமைப்புடையது அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். மறுபடி கருத்துக் கேட்டு, திருத்திய வழிகாட்டி வெளிவர 2013 ஆகிவிட்டது. நல்ல எண்ணத்தோடு எழுதினாலும் சட்டத்தில் இல்லாத கடமையை ஏற்றிவிட்டால் சுமப்பவர் வேறொருவர். இந்தப் படிக்கு நீங்கள் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

படி 2: யார் யாரிடம் கேட்பது

பெரிய பெயர்கள் தாமாகவே பட்டியலில் ஏறிவிடும்: தன்னார்வ அமைப்புகளின் தேசியக் குடை அமைப்புகள், வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் கூடும் சங்கங்கள், நிதி திரட்டலைக் கண்காணிக்கும் அமைப்பு, வரித் துறை. இவர்களுக்கென்று கொள்கை அலுவலர்கள் இருக்கிறார்கள். அழைத்தால் வருவார்கள், எழுதியும் அனுப்புவார்கள்.

அந்தப் பட்டியலை முடித்ததும் வேறொரு தாளை எடுங்கள். இந்த மாற்றத்தால் அதிகம் பாதிக்கப்படுபவர், ஆனால் உங்கள் மின்னஞ்சலைத் திறந்துகூடப் பார்க்காதவர் யார் என்று யோசித்து எழுதுங்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும் அறங்காவலர்கள், கிராமத்து மண்டபங்களை நடத்துபவர்கள், வேல்ஸில் வெல்ஷ் மொழியில் இயங்குபவர்கள். இவர்களைத் தேடி நீங்கள்தான் போக வேண்டும். அதுவும் அவர்களுக்குத் தோதான நேரத்தில், மாலை 7 மணிக்குப் பிறகோ சனிக்கிழமையோ. செவ்வாய் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

படி 3: முடிவு எடுக்கும் முன் கேளுங்கள்

கருத்துக் கேட்பு நியாயமாக நடந்ததா என்று பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் பார்க்கும்போது 4 விதிகளை வைத்துப் பார்க்கின்றன. 1985இல் லண்டன் பிரெண்ட் நகராட்சிக்கு எதிரான கன்னிங் வழக்கில் உருவானவை. பள்ளிகளை மூடுவது பற்றிய வழக்கு அது. விதிகள் இவை: திட்டம் இன்னும் உருவாகும் நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும், மக்கள் யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும், போதிய அவகாசம் வேண்டும், வந்த பதில்களை மனச்சாட்சியோடு கருதிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். 2014இல் ஹாரிங்கே நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இவற்றை ஏற்றது. நகராட்சி, தான் கைவிட்ட மாற்று வழிகளைப் பற்றி மக்களிடம் ஒன்றும் சொல்லாமலே கருத்துக் கேட்டது நியாயமல்ல என்றும் சொன்னது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? வரைவு எழுதுவதற்கு முன்பே ஏழெட்டுப் பேரிடம் தனியாகப் பேசுங்கள். "இந்த விஷயத்தில் உங்களுக்கு எங்கே சிக்குகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மேலிடம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட விஷயம் ஒன்றிருந்தால், அது முடிந்த விஷயம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மற்றதைப் பற்றிக் கேளுங்கள். முடிந்ததை முடியாதது போலக் காட்டிக் கேட்பது அவர்களின் நேரத்தைத் திருடுவதற்குச் சமம்.

படி 4: வரைவு எழுதுதல்

நான் வேலை பார்த்த ஓர் அமைப்பில் பணக் கட்டுப்பாடு பற்றிய வரைவு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு கோயில் மண்டபத்துக்குப் போயிருந்தேன். பத்துப் பதினைந்து பேர். ஆங்கில வரைவை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். "ரொக்கப் பணத்தை இருவர் சேர்ந்து எண்ண வேண்டும்" என்றதும் முன்வரிசையில் இருந்த அன்ரி ஒருவர் கையை உயர்த்தினார். மடியில் நீல மட்டை போட்ட கணக்குக் கொப்பி.

"தம்பி, இது சட்டமோ? ரோல்ஸும் தேத்தண்ணியும் விக்கிற காசை சனிக்கிழமையில நான் ஒராள்தான் எண்ணுறனான். அப்ப இவ்வளவு வருசமும் நான் சட்டத்தை மீறினதோ?"

அவர் முகம் வெளிறிப்போனது. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'ஷுட்'. கமிஷனின் வழிகாட்டிகளில் 'மஸ்ட்' என்றால் சட்டக் கடமை, 'ஷுட்' என்றால் நல்ல நடைமுறை. இந்த வேறுபாட்டின் மேல்தான் முழு ஆவணமும் நிற்கிறது. நானோ இரண்டுக்கும் 'வேண்டும்' என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். தமிழில் அந்த ஒரே சொல் கட்டளைக்கும் ஆகும், அறிவுரைக்கும் ஆகும். அன்றிலிருந்து தமிழில் சொல்லும்போது சட்டத்துக்கு 'கட்டாயம்' என்றும் மற்றதற்கு 'செய்வது நல்லது' என்றும் பிரித்தே சொல்கிறேன்.

தமிழே தெரியாதவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். ஆங்கிலமே தாய்மொழியாக இருப்பவர்களும் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகத்தான் படிக்கிறார்கள். ஆகவே வரைவு முடிந்ததும் ஒவ்வொரு 'மஸ்ட்'டுக்கும் எதிரே, ஓரத்தில், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையா, அதை 'ஷுட்' ஆக்குங்கள். பிறகு ஒவ்வொரு 'ஷுட்'டையும் பார்த்து, தனியாளாக நிற்கும் ஒரு பொருளாளர் இதை எப்படிச் செய்வார் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால், "இருவர் இல்லாத இடத்தில் இப்படிச் செய்யலாம்" என்று ஒரு வரி சேருங்கள். அன்ரியின் கேள்வியால் எங்கள் வரைவில் சேர்ந்தது அந்த மாதிரி ஒரு வரிதான்.

படி 5: கேள்விகளும் காலமும்

கேள்விகள் குறைவாக இருக்கட்டும். "இந்த வரைவு தெளிவாக உள்ளதா?" என்று கேட்டால் "ஆம்" என்றுதான் பதில் வரும். "இதைப் படித்தபின் திங்கட்கிழமை நீங்கள் எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தேர்தல் காலத்தில் தொடங்காதீர்கள். ஆகஸ்ட் விடுமுறையும் கிறிஸ்துமஸும் குறுக்கே வந்தால் வாரங்களைக் கூட்டுங்கள்.

படி 6: பதில்களைப் படித்தல்

ஒரே வாசகத்தோடு நூறு மின்னஞ்சல்கள் வரலாம். ஒரே ஒருவர் மட்டும் யாரும் பார்க்காத ஓட்டையைக் காட்டியிருக்கலாம். எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இது வாக்கெடுப்பு அல்ல.

சமூக ஊடகம் பற்றிய கமிஷனின் வழிகாட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2023 ஜனவரியில் வரைவை வெளியிட்டு 8 வாரம் கருத்துக் கேட்டார்கள். ஊழியர்களும் அறங்காவலர்களும் தங்கள் சொந்தக் கணக்குகளில் எழுதுவதற்கும் சாரிட்டி பொறுப்பேற்க வேண்டுமோ என்ற கவலை பலரிடமிருந்து வந்தது. செப்டம்பரில் இறுதி வழிகாட்டி வெளியானபோது, சொந்தக் கணக்குகளைக் கண்காணிக்கும்படி அறங்காவலர்களிடம் எதிர்பார்க்கவில்லை என்பது தெளிவாக்கப்பட்டிருந்தது. பதில் எழுதியவர்கள் தங்கள் குரல் எந்த இடத்தில் விழுந்தது என்று விரலை வைத்துக் காட்டலாம்.

சில நேரம் வேலையை நிறுத்தி வைக்கவும் வேண்டியிருக்கும். சாரிட்டிகளின் முதலீடு பற்றி 2021இல் கமிஷன் கருத்துக் கேட்டது. பருவநிலையைக் கருத்தில் கொண்டு முதலீடு செய்யலாமா என்ற கேள்வியோடு இரண்டு சாரிட்டிகளின் அறங்காவலர்கள் உயர் நீதிமன்றம் போயிருந்தார்கள். தீர்ப்பு 2022 ஏப்ரலில் வந்தது, புதிய வழிகாட்டி 2023 ஆகஸ்டில். காலம் நீண்டாலும் நீதிமன்றம் சொன்னதன் மேல் நின்று எழுத முடிந்தது. மேலதிகாரி அவசரப்படுத்தும்போது இந்த உதாரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

படி 7: திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

கருத்துக் கேட்பு முடிந்து 12 வாரத்துக்குள் பதிலறிக்கை வெளியிட வேண்டும், முடியாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்பது பிரிட்டிஷ் அரசுத் துறைகளுக்கான 2018 கோட்பாடு. அந்த அறிக்கையில் ஏற்றவற்றைவிட ஏற்காதவற்றுக்கு அதிக இடம் கொடுங்கள். "இதைப் பலர் கேட்டார்கள், இன்ன பிரிவு தடுக்கிறது, அதனால் செய்யவில்லை" என்று நேராக எழுதினால் கோபப்படுவார்கள், ஆனால் அடுத்த முறையும் வருவார்கள்.

வெளியிடும் நாளில் வெல்ஷ் பதிப்பும் கூடவே தயாராக இருக்கட்டும். கூட்டங்களுக்கு வந்த ஒவ்வொருவருக்கும், அவர் சொன்னது எந்தப் பக்கத்தில் என்ன ஆனது என்று இரண்டு வரி தனியாக எழுதுங்கள். எனக்கு அதற்கு ஒரு முழு நாள் பிடித்தது. அன்ரியின் பதில் அன்று இரவே வந்துவிட்டது: "இப்ப விளங்குது தம்பி. ஆனா அடுத்த பக்கத்தில இன்னொரு சந்தேகம் இருக்கு, எப்ப கதைக்கலாம்?"