அம்மாவின் விளக்குப் பெட்டிக்கு ஒரு ராக்கர் சுவிட்ச்

மின்வெட்டின்போது வைஃபை ரவுட்டரும் சமையலறையில் ஒரு எல்இடி பட்டையும் எரியவேண்டும் என்று அம்மாவுக்காக ஒரு 12 வோல்ட் பெட்டி செய்தேன். பேட்டரி, சார்ஜர், பியூஸ் எல்லாவற்றையும் நாள்கணக்கில் யோசித்தேன். சுவிட்சை மட்டும் கடைசி நாளில், கையில் இருந்ததை எடுத்துப் பொருத்திவிட்டேன். சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும் கேசிடி11 என்ற ராக்கர், அதாவது ஒருபக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும் சுவிட்ச். முதல் மின்வெட்டில் அம்மா ஈரக்கையோடு இருட்டில் தடவிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் அழுத்தவேண்டும் என்றே தெரியவில்லையேடா" என்றார். மூட்டுவலி உள்ள விரலுக்கு அது சுவிட்சே அல்ல.

அன்றிலிருந்து என் வரிசை மாறிவிட்டது. அழுத்தப்போகிற விரல் யாருடையது என்பது முதலில், ஓடப்போகிற மின்னோட்டம் எவ்வளவு என்பது அடுத்து. சுவிட்ச் கைக்கு வந்தபிறகுதான் பெட்டியில் துளை.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கேட்டால் சிறிய ராக்கர்களை அளவு வாரியாக எடுத்துப் போடுவார்கள். கேசிடி11க்கு ஏறக்குறைய 8.5×13.5 மி.மீ. துளை வேண்டும். கேசிடி1க்கு 13×19. அதைவிடப் பெரிய கேசிடி4க்கு 22×28 அளவில். அரம் பிடித்துப் பழகாதவர்களுக்கு நான் சொல்வது வட்ட ராக்கர்தான். 20 மி.மீ. வட்டத் துளை ஒன்று போட்டால் வேலை முடிந்துவிடும். எதுவானாலும், தாளில் படித்த அளவை நம்பித் துளை போடாதீர்கள். ஒரே பெயரில் வரும் சுவிட்சுகளிலும் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறேன். வாங்கி வந்து வெர்னியர் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள்.

மின்னோட்டக் கணக்கு எளிது. என் ஐந்து மீட்டர் பட்டை மீட்டருக்கு 4.8 வாட். மொத்தம் 24 வாட், அதாவது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர். ரவுட்டருக்கு ஒன்று. ஆக மூன்று. கேசிடி11இல் அச்சிட்டிருப்பதும் 3 ஆம்பியர்தான், விளிம்பிலேயே நிற்கிறது. 6 ஆம்பியர் போட்ட கேசிடி1க்கு மாறினேன்.

அந்த 6 ஆம்பியர் 250 வோல்ட் ஏசிக்கான எண் என்பதை மறக்கவேண்டாம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுகிறது. தொடர்புமுனைகள் பிரியும்போது எழும் பொறி அந்த இடைவெளியில் அணைந்துவிடும். டிசியில் அப்படி ஒரு மூச்சுவிடும் நேரம் கிடையாது. பொறி நீண்டு முனைகளைத் தின்னும். 12 வோல்ட்டில் இது பெரிய தொல்லை இல்லை. இருந்தாலும் அச்சிட்ட எண்ணில் பாதிக்குமேல் நான் போவதில்லை. 24 வோல்ட்டைத் தாண்டினால், டிசி எண் தனியாக அச்சிட்ட சுவிட்சைத்தான் வாங்குவேன்.

சுவிட்சின் முதுகில் உள்ள பொடி எழுத்துகளையும் படியுங்கள். 6(2) என்றிருந்தால், அடைப்புக்குள் இருப்பது மோட்டார் சுமைக்கான ஆம்பியர். டி85 என்பது 85 டிகிரி வரை தாங்கும் என்ற குறி. 1ஈ4 என்றால் பத்தாயிரம் முறை போட்டு அணைக்கலாம். மியூ என்ற கிரேக்க எழுத்து இருந்தால் உள்ளே முனைகளின் இடைவெளி 3 மி.மீ.க்கும் குறைவு, 230 வோல்ட் கருவியில் அதை மட்டும் அணைத்துவிட்டு உள்ளே கைவைக்கக் கூடாது. 230 வோல்ட்டுக்கு நான் எப்போதும் பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் நான்குமுனை சுவிட்சையே போடுகிறேன். அங்கேயும் பிளக்கைப் பிடுங்கியபிறகுதான் மூடியைத் திறப்பேன்.

விளக்கு எரியும் ராக்கர்தான் பலரை ஏமாற்றுகிறது. கடையில் அதைக் கையில் எடுத்ததுமே அங்கிருந்த பெரியவர், "தம்பி, எத்தனை வோல்ட்டுக்கு?" என்று கேட்டார். 12 என்றேன். கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு வேறொன்றைத் தந்தார். முதலில் எடுத்ததில் இருந்தது நியான் விளக்கு. அது பற்றிக்கொள்ளவே அறுபது, எழுபது வோல்ட்டுக்குமேல் வேண்டும். 12 வோல்ட்டில் சுவிட்ச் வேலை செய்யும், விளக்கு எரியாது. 12 வோல்ட் எல்இடி உள்ளது என்று கேட்டு வாங்கவேண்டும்.

அதில் மூன்று முனைகள் இருக்கும். இருவழிச் சுவிட்சிலும் மூன்றுதான். இரண்டையும் குழப்பி, நெகட்டிவ் கம்பியைச் சுமைக்கான முனையில் கொடுத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் பேட்டரியின் பாசிட்டிவும் நெகட்டிவும் நேராக இணைந்து ஷார்ட் ஆயிற்று. பேட்டரியை ஒட்டி 5 ஆம்பியர் பியூஸ் வைத்திருந்ததால் பியூஸோடு போயிற்று. மல்டிமீட்டரை ஒலி நிலையில் வைத்துச் சோதித்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். சுவிட்சைப் போட்டால் இரண்டு முனைகளுக்கிடையில் மட்டும் ஒலிக்கும், அணைத்தால் எதுவும் ஒலிக்காது என்றால் அது விளக்குச் சுவிட்ச். எதனோடும் ஒலிக்காத மூன்றாவது முனை, பெரும்பாலும் பித்தளை நிறத்தில் இருப்பது, நெகட்டிவுக்கு. நடுமுனை ஒருமுறை இடப்பக்கத்தோடும் மறுமுறை வலப்பக்கத்தோடும் ஒலித்தால் அது இருவழி.

இனி துளை. நிதானம் முழுவதும் இங்கேதான் வேண்டும். கேசிடி1இன் முகம் 15×21, துளை 13×19. சுற்றிலும் விளிம்பு மறைப்பது ஒரு மில்லிமீட்டர்தான். அதற்குமேல் அரம் வழுக்கினால் மூடியைத் தூக்கிப்போடவேண்டியதுதான். மூடியில் காகித டேப் ஒட்டி, அதன்மேல் கூர்மையான பென்சிலால் கோடு போடுகிறேன். கோட்டுக்குள்ளேயே 3 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு, இடையில் உள்ளதைக் கத்தியால் வெட்டி நடுத்துண்டை எடுத்துவிடுவேன். பிறகு தட்டை அரம், மூலைகளுக்கு ஊசி அரம். பென்சில் கோட்டின் உள்விளிம்பில் அரம் நிற்கவேண்டும். நாலு இழுப்புக்கு ஒருமுறை சுவிட்சை வைத்துப் பாருங்கள். பிசிறைச் சுரண்டியபிறகு கட்டைவிரலால் அழுத்தினால் சுவிட்சின் இரு பக்கப் பிளாஸ்டிக் சிறகுகளும் உள்ளே மடங்கி, "டக்" என்று மறுபக்கம் விரியும். அந்த ஒலி வராமல் உட்கார்ந்தால் துளை பெரிதாகிவிட்டது. அப்போது உள்பக்கம் எபாக்சி பசை வையுங்கள். சூப்பர் குளூ நீர்போல ஓடித் தொடர்புமுனைக்குள் இறங்கிவிடும். மூடியின் தடிமன் 3 மி.மீ.க்குமேல் போனால் சிறகுகள் விரிய இடம் இருக்காது. பின்னால் கம்பி வளைய மூன்றரை செ.மீ. விட்டுவைக்கிறேன்.

பொருத்தும்முன் எந்தப் பக்கம் மேலே என்று தீர்மானியுங்கள். நேர்கோடு போட்ட பக்கம் எரிய, வட்டம் போட்ட பக்கம் அணைய. நம் வீட்டுச் சுவிட்சுகளில் கீழே அழுத்தினால் விளக்கு எரியும். ஆகவே கோட்டுப் பக்கத்தைக் கீழே வைத்தேன். அம்மாவின் கை யோசிக்காமலே அங்கு போகிறது.

கம்பி இணைக்க, முடிந்தவரை கம்பி நுனியில் நசுக்கிப் பொருத்தும் உலோகக் கவ்வியான லக்கைச் சுவிட்சின் தகட்டில் செருகிவிடுவேன். கேசிடி1இன் தகடு 4.8 மி.மீ. அகலம், கடையில் எளிதாகக் கிடைக்கும் 6.3 மி.மீ. லக் அதில் ஆடும். சால்டர் செய்வதானால் தகட்டை லேசாகச் சுரண்டி, ஃபிளக்ஸ் தொட்டு, கம்பியைத் துளையில் கொக்கிபோல் மாட்டி, மூன்று நொடிக்குள் எடுத்துவிடுங்கள். அதற்குமேல் சூடு இறங்கினால் நைலான் உடல் இளகித் தகடு சாய்ந்துவிடும். பிறகு அந்தச் சுவிட்சை நம்பமுடியாது. இணைப்பை மூடும் ஸ்லீவை முதலிலேயே கம்பியில் கோத்துவிடுங்கள். பேட்டரி பாசிட்டிவ், பியூஸ், சுவிட்ச், சுமை என்ற வரிசையில் 0.75 சதுர மி.மீ. கம்பி 3 ஆம்பியருக்குப் போதும்.

எல்லாம் எரியவிட்டுப் பத்து நிமிடம் கழித்து, சுவிட்சின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். என் பெட்டியில் 40 மில்லிவோல்ட் காட்டியது. 200ஐத் தாண்டினால் முதலில் லக்கை அழுத்திப் பார்ப்பேன். அப்படியும் குறையாவிட்டால் சுவிட்சையே மாற்றிவிடுவேன். கடைசியாகக் கோட்டுப் பக்கத்தில் எபாக்சி ஒரு துளி வைத்துக் காயவிட்டேன். இருட்டில் அம்மாவின் விரல் அந்தக் குமிழைத்தான் தேடுகிறது.