அம்மா பீடி சுற்றுகிறார், பீடியைத்தான் காணோம்: புதிதாகக் கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட ஆற்காட்டுப் பக்கம் புதிதாக எழுத வருகிறவர்கள் கைப்பிரதியைப் படிக்கக் கொடுத்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். இந்தக் கதையில் யாராவது வேலை செய்கிறார்களா? பெரும்பாலும் செய்வதில்லை. அழுகிறார்கள், பழசை நினைத்துப் பார்க்கிறார்கள், மொட்டை மாடியில் நின்று பெருமூச்சு விடுகிறார்கள். அம்மா பீடி சுற்றுகிறவர் என்று ஒரு வரி வரும். அதற்கப்புறம் கதை முடிகிறவரை அவர் கையில் ஓர் இலையைக்கூடப் பார்க்க முடியாது.

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஒரு சுற்று வந்தால் தறி, தீப்பெட்டி, பீடி, தோல், ஷூ என்று ஊருக்கு ஊர் கை ஓயாத வேலை. இங்கிருந்து வரும் கதைகளில் வேலை இல்லாமல் போவதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. இன்னும் பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

தொழிலின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது

"வறுமையில் வாடிய அவள் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றினாள்." இந்த வரியில் வாசகருக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. பீடி எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். இலையைத் தண்ணீரில் நனைத்துப் பதமாக்க வேண்டும். தகர அளவை மேலே வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். மடியில் முறம், முறத்தில் தூள். தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடித்து, நூலால் கட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. வேலை தருகிறவர் கொடுத்த இலையில் ஆயிரம் தேறவில்லையென்றால் குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்கும்போது சரியில்லை என்று சிலதைக் கழித்துவிடுவார்கள்.

கதை எங்கே இருக்கிறது என்று கேட்டால், இலை போதாமல் போகிற இடத்தில் இருக்கிறது. ஒருத்திக்கு இன்று இலை பத்தவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கலாம், ஆனால் போன வாரம்தான் குழாயடியில் அவர்களோடு சண்டை. இனி அவள் என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ள வாசகர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். வறுமை என்ற சொல்லை நீங்கள் எழுதவே வேண்டாம்.

இலையை எடை போட்டுக் கொடுக்கிறவரிடம் அவள் கேட்கிறாள்: "இன்னாண்ணா, இலை கம்மியா கீது?"

"எல்லாருக்கும் அதே எடைதாம்மா."

"அப்போ எல்லாருக்குமே கம்மிதானா?"

யார் யாருக்குப் பணிந்துபோக வேண்டும், பணிந்தபடியே எங்கே ஒரு குத்து குத்தலாம் என்பதெல்லாம் இந்த மூன்று வரியில் வந்துவிடுகிறது. "அவள் துணிச்சல்காரி" என்று மேலே ஒரு வரி சேர்த்தால் கெட்டுவிடும்.

தோல் பதனிடுகிற தோல் ஷாப்பை வைத்து எழுதுகிறவர்கள் எடுத்த எடுப்பில் நாற்றத்தைப் பற்றி எழுதுவார்கள். அது பஸ்ஸில் போகிறவரின் மூக்கு. வருடக்கணக்காக உள்ளே வேலை செய்கிறவருக்கு நாற்றம் பழகிப்போயிருக்கும். அவர் கவனம் வழுக்குகிற தரையில் இருக்கும், சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்துபோன விரலிடுக்கில் இருக்கும், டிரம் சுற்றும் சத்தம் லேசாக மாறுவதில் இருக்கும். கதையை யார் கண்ணால் சொல்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் முதலாளி, தொழிலாளி, வெளியாள் மூவரும் ஒரே மாதிரி முகம் சுளிப்பார்கள்.

சேகரித்த தகவலையெல்லாம் கதைக்குள் கொட்டுவது இதற்கு நேரெதிரான தவறு. தோல் கழிவால் கிணறு கெட்டுப்போன ஒரு விவசாயியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை அவசியம் படியுங்கள். மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு அழுத்தமாகச் சொன்னது. ஆனால் அதை அந்தப் பெரியவர் வாயில் பத்தி பத்தியாக வைக்காதீர்கள். நஷ்ட ஈட்டுக்காக அலைகிறவர் கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும், அதற்குள் நாலைந்து ஜெராக்ஸ் காகிதம் இருக்கும். அதைக் காட்டினால் போதும்.

எல்லா மருத்துவமனைக் கதையையும் சாவில் முடிப்பது

வேலூரில் இருப்பவர்களுக்கு சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை வைத்து ஒரு கதை எழுத ஆசை வராமல் இருக்காது. எழுதியதில் பத்துக்கு எட்டு மரணத்தில் முடியும் என்பது என் குத்துமதிப்பு. சாவு பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் நாளெல்லாம் செய்வது காத்திருப்பது. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் எதிரே உள்ள லாட்ஜ்களில் நாள் வாடகைக்குத் தங்குகிறார்கள், அறையிலேயே சமைத்துக்கொள்கிறார்கள். பெங்காலியில் போர்டு வைத்த கடைகளில் மீன் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். ரிப்போர்ட் வர இன்னும் இரண்டு நாள் ஆகும், காட்பாடியிலிருந்து திரும்ப எடுத்த டிக்கெட் நாளைக்கு. டிக்கெட்டை ரத்து செய்வதா வேண்டாமா என்று அண்ணனும் தம்பியும் முணுமுணுப்பாக வாக்குவாதம் செய்கிற காட்சியில், நோயாளி தூங்குவது போல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அழவைக்க வேண்டும் என்று கிளம்பாத எழுத்தைத்தான் வாசகர் நம்புகிறார்.

காதில் விழாத பேச்சை எழுதுவது

குடியாத்தத்து அம்மா "ஏனுங்க" என்கிறார். ஆற்காட்டு வாத்தியார் "அங்கிட்டு" என்கிறார். படத்தில் கேட்டதும் புத்தகத்தில் படித்ததும் அப்படியே இறங்கிவிடுகின்றன. நம் பக்கத்துப் பேச்சு "இன்னா", "கீது", "போய்கினு கீறான்" என்று போகிறது. இதை மெட்ராஸ் ரவுடி பாஷை என்று நினைத்து நம்மவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் காமெடிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். பாசமாகப் பேசுகிற பாட்டியும் இதே பேச்சுதான் பேசுகிறார், சாமி.

அதற்காக ஒவ்வொரு அசையையும் கொச்சையாக்க வேண்டியதில்லை. வாக்கியத்தில் ஒன்றிரண்டு இடத்தில் வழக்கு தெரிந்தால் மீதியை வாசகரே காதில் நிரப்பிக்கொள்வார். வீட்டில் உருது பேசுகிற ஆம்பூர்க் குடும்பமோ, தெலுங்கு பேசுகிற எல்லையோரக் குடும்பமோ வந்தால் உரையாடலை எளிய தமிழில் எழுதிவிட்டு, கூப்பிடும் முறையை மட்டும் அவர்களுடையதாக வையுங்கள். அதைத் தெரிந்துகொள்ள அந்த வீட்டுக்காரர் ஒருவரிடம் கேட்பதே நல்லது, ஊகம் வேண்டாம்.

காலத்தைச் சரிபார்க்காமல் விடுவது

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். தாத்தா காலத்துக் கதை எழுதினாலே இந்தப் பள்ளம் உண்டு. 1970-ல் நடக்கும் கதையில் நாயகி வேலூர்க் கோட்டைக்குள் போய் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடுகிறாள். அந்தக் கோயிலில் 1981 வரை மூலவர் இல்லை, லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. தெரிந்திருந்தால் சாமி இல்லாத கோயிலில் போய் நிற்கிற பெண் என்று இன்னும் நல்ல காட்சி கிடைத்திருக்கும். அதேபோல 1985-ல் யாரும் "ராணிப்பேட்டை மாவட்டம்" என்று முகவரி எழுதியிருக்க முடியாது. 1989-ல்தான் பழைய வட ஆற்காடு மாவட்டமே இரண்டாகப் பிரிந்தது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களானது 2019-ல். சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கியது ஒரு கட்டில் போட்ட சிறு மருத்துவ அறை, அதனால் 1901-ல் பெரிய கட்டடத்தையும் நீண்ட வராந்தாவையும் வர்ணிக்காதீர்கள். சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது 1856-ல், அதற்கு முந்தைய கதையில் ரயிலைக் கொண்டுவராதீர்கள்.

1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சியைத் தொடாமல் வேலூர்க்காரர் யாராலும் இருக்க முடிவதில்லை. தொடுங்கள். ஆனால் எல்லோரும் கோட்டை மதிலையும் பீரங்கியையும் மட்டுமே எழுதுகிறார்கள். புதுத் தலைப்பாகையும், தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் போட்ட தடையும் அந்தக் கோபத்தில் பெரும் பங்கு வகித்தன. அந்தத் தலைப்பாகையை முதல்முறை கையில் வாங்கிப் புரட்டிப் பார்க்கிற ஒரு சிப்பாயிலிருந்து தொடங்கினால் பீரங்கி தானாக வரும்.

அப்புறம் பாலாறு. சலசலத்து ஓடும் பாலாற்றங்கரையில் காதலர்களை உட்கார வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வருடத்தில் பெரும்பாலும் மணலும் முள்ளுமாகக் கிடக்கிற ஆறு, 2021 நவம்பரில் வந்தது போல என்றைக்காவது கரைபுரண்டு வரும். ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். இரண்டில் எது உங்கள் கதைக்கு வேண்டும் என்று மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூடு வரட்டும் என்று காத்திருப்பது

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலூர் வெயிலில் மே மாத மத்தியானம் யாருக்கும் எழுத மூடு வராது. காட்பாடியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வருகிறவர்களுக்குக் கையில் போன் இருக்கிறது, உட்கார இடம் கிடைத்தால் நேரமும் இருக்கிறது. ஒரு நாளில் ஒரு காட்சி, அதுவும் முடியாவிட்டால் காதில் விழுந்த ஒரு உரையாடல். முதல் பத்தியையே மாதக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பதுதான் நிறையப் பேரை நிறுத்திவிடுகிறது. கடைசி வரிவரை மோசமாகவாவது எழுதிவிட்டு, பிறகு திருத்துங்கள்.

முடித்த கையோடு நண்பர்களுக்கு அனுப்பி "சூப்பர் மச்சி" வாங்குவதால் எந்தப் பயனும் இல்லை. கதையில் வரும் வேலையைச் செய்கிற ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "இலைய அப்படி வெட்ட மாட்டோம்பா" என்று அந்த அத்தை சொல்கிற திருத்தம் எந்தப் பயிலரங்கிலும் கிடைக்காது. அவர் எங்கே சிரித்தார், எங்கே கவனம் சிதறி வாசல் பக்கம் பார்த்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படிக்காமல் கையெழுத்துப் போடுவது

புத்தகமாகிறது என்ற சந்தோஷத்தில் ஒப்பந்தத்தைப் பலர் பார்ப்பதேயில்லை. எழுதியவுடனேயே பதிப்புரிமை உங்களுடையதாகிவிடும், பதிவு செய்தால்தான் என்பதில்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதானால் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். "நிரந்தரமாக", "அனைத்து வடிவங்களிலும்" என்ற சொற்கள் இருந்தால் அங்கே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். அச்சுச் செலவை உங்களிடமே வாங்குகிறவராக இருந்தால் எத்தனை பிரதி, விற்காதவை யாரிடம் இருக்கும், எப்போது கணக்குத் தருவார் என்பதையும் காகிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.